எண்ணிக்கைக்கு முன்னாடி ட்யூன்: ஒரு இங்கிலீஷ் கன்ட்ரி டான்ஸ் கேம்ப் பத்தின நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவோட வடகிழக்குல இருக்குற நியூ இங்கிலாந்துல ஆகஸ்ட் மாசம் ஒரு வாரம் நடக்குற சின்ன ஃபேமிலி கேம்ப் இது. பைன் மரக்காடு, பக்கத்துல ஒரு குளம், அங்கங்க கேபின், நடுவுல கூரை மட்டும் போட்டு பக்கமெல்லாம் தொறந்து விட்ட மரத்தரை பெவிலியன். காலையில இங்கிலீஷ் கன்ட்ரி டான்ஸ் வகுப்பு, மதியம் ஃபோக் மியூசிக் வகுப்பு, ராத்திரி எல்லாரும் சேர்ந்து ஆடுற டான்ஸ். அம்பது பேருக்கு கொஞ்சம் மேல வந்திருந்தாங்க, அதுல மூணுல ஒரு பங்கு வருஷக்கணக்கா ஆடுறவங்க, மீதி பேர்ல பாதிக்கு இதுதான் முதல் தடவை, அப்புறம் அப்பா அம்மாவோட வந்த டீனேஜ் பசங்க ஒரு கூட்டம். நான் மதியம் ஃபிடில் (வயலின்தான்) சொல்லிக்கொடுக்குற டீம்ல இருந்தேன், ராத்திரி பேண்ட்லயும் வாசிச்சேன், அதனால மேடையிலேர்ந்து முழு தரையும் பாக்குற மாதிரி இருந்துச்சு. சம்பந்தப்பட்டவங்ககிட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன், யார் பேரும் இதுல வராது.

இந்த டான்ஸ் தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடுறேன். இது பாட்டுக்கு பாட்டு ஜோடியா சுத்துற பால்ரூம் இல்ல. பெரும்பாலும் ரெண்டு நீள வரிசை, எதிரெதிரா பார்ட்னர், வரிசைக்குள்ள ரெண்டு ரெண்டு ஜோடியா நாலு நாலு பேர் குழு. ஒரு தடவை ட்யூன் முழுசா முடிஞ்சா ஒண்ணாம் நம்பர் ஜோடி ஒரு இடம் கீழ இறங்கும், ரெண்டாம் நம்பர் ஒரு இடம் மேல ஏறும், புது ஜோடியோட திரும்ப அதே ஆட்டம். வரிசையோட முனைக்கு வந்தவங்க ஒரு ரவுண்டு சும்மா நின்னு, நம்பர் மாறி உள்ள வரணும். அடி வைக்கிறது வெறும் நடை மாதிரிதான், கஷ்டமே இல்ல. எங்க போகணும், எப்ப போய் சேரணும், இது ரெண்டும்தான் கஷ்டம்.

ஜான் ப்ளேஃபோர்டுங்கற லண்டன் பதிப்பாளர் 1651ல 105 டான்ஸ் குறிப்ப அச்சடிச்சாரு. அந்த தொகுப்பு ஒண்ணு மேல ஒண்ணா 18 பதிப்பு வந்து 1728 வரைக்கும் ஓடுச்சு. பக்கத்துக்கு பக்கம் மேல ட்யூன், அதுக்கு கீழ ரொம்ப சுருக்கமா ஆட்டக் குறிப்பு. பின்னாடி வழக்கம் மங்கிப் போய், 20ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல செசில் ஷார்ப்ங்கற இங்கிலாந்து நாட்டுப்புற இசை சேகரிப்பாளர் அந்த குறிப்புகள படிச்சு ஆடக்கூடிய மாதிரி மறுபடி அமைச்சாரு, 1911ல இங்கிலாந்துல இதுக்குன்னு ஒரு ஃபோக் டான்ஸ் சொசைட்டி வந்துச்சு, 1915ல அதோட அமெரிக்க கிளை, அதுதான் இன்னிக்கு கன்ட்ரி டான்ஸ் அண்ட் சாங் சொசைட்டியா இருக்கு. மேல ட்யூன் கீழ குறிப்புங்கற அந்த வரிசையத்தான் நாங்க அந்த வாரம் வகுப்புலயும் கொண்டு வந்தோம், இந்த எழுத்தே அதப் பத்தினதுதான்.

முதல் ரெண்டு நாள்ல பார்த்தது

டான்ஸ் டீச்சர் அறுபத தாண்டினவங்க, முப்பது வருஷத்துக்கு மேல சொல்லிக்கொடுக்குறவங்க, குரல் கணீர்னு இருக்கும், பொறுமை அதிகம். திங்கட்கிழமை வகுப்பு வழக்கமான முறையில போச்சு. முதல்ல மியூசிக் இல்லாம ஒவ்வொரு மூவா நடந்து பாக்குறது, அப்புறம் பேண்ட் வாசிக்கிறது, டீச்சர் மைக்ல ஒரு பீட் முன்னாடியே அடுத்த மூவ சொல்றது. இந்த முறை அனுபவசாலிங்க நிறைய இருக்குற இடத்துல அழகா ஓடும், நான் பல இடத்துல பார்த்திருக்கேன். இங்க ஓடல.

நடந்து பாக்குறதுக்கே இருபது நிமிஷம், ஆடுறது ஏழெட்டு நிமிஷம்னு ஆச்சு. மியூசிக் இல்லாம நடக்கும்போது எல்லாரும் சரியா நடந்தாங்க, பேண்ட் ஆரம்பிச்ச மூணாவது ரவுண்டுல வரிசை கலைஞ்சு போகும். ஏன்னு கவனிச்சா, புதுசா வந்தவங்க எல்லாரும் வாய்க்குள்ள ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும் எண்ணிட்டு இருந்தாங்க, ஒருத்தர் நாலுல இருக்கும்போது பக்கத்துல இருக்குறவர் ஆறுல இருப்பாரு, காதுல ட்யூன் விழவே இல்ல. முனைக்கு வந்த ஜோடி சும்மா நிக்கிற ரவுண்டுல பக்கம் மாற மறந்துட்டு தப்பான பக்கத்துலேர்ந்து உள்ள வந்தா அங்கேர்ந்து மேல வரைக்கும் மொத்த வரிசையும் சிக்கிக்கும், அது செவ்வாய்க்கிழமை மட்டும் ரெண்டு தடவை நடந்துச்சு.

அனுபவசாலிங்க உதவி பண்றேன்னு புதுசா வந்தவங்க தோள பிடிச்சு திருப்பி விட்டாங்க. நல்ல மனசோட பண்றதுதான், ஆனா பின்னாடிலேர்ந்து ஒரு கை திருப்பி விட்டா அவங்க உடம்பு எதையும் கத்துக்காது, அடுத்த தடவை அந்த கைய எதிர்பாத்து நிக்கும். இதுல ஸைடிங்ங்கற மூவ், அதாவது பார்ட்னர் பக்கமா போய் திரும்பி வர்றது, அந்த விவகாரம் வேற சேந்துகிச்சு. ப்ளேஃபோர்டு குறிப்புல எல்லாரும் ஸைடுங்கற அளவுக்குதான் இருக்கும், எப்படின்னு இருக்காது. ஷார்ப் அத பார்ட்னருங்க இடது தோள் பக்கமா வளைஞ்சு கடந்து இடம் மாத்திக்கிற மாதிரி அமைச்சாரு, பல வருஷம் கழிச்சு பேட் ஷாங்கற இன்னொரு டான்ஸ் ஆசிரியர் அப்படி இல்ல, தோளுக்கு தோள் பக்கத்துல வந்து நின்னு பின்னாடி போறதுதான்னு சொன்னாரு. ரெண்டுமே இன்னிக்கும் ஆடுறாங்க. செவ்வாய்க்கிழமை ஒரே பெண்மணிக்கு ரெண்டு அனுபவசாலிங்க ரெண்டு விதமா சொல்லிக்கொடுத்து, அடுத்த ரவுண்டுல அவங்க பார்ட்னரோட நெத்தியில முட்டிகிட்டாங்க. அடி பெருசா இல்ல, ஆனா அவங்க அன்னிக்கு மறுபடி எழுந்து வரல.

இன்னும் ரெண்டு பேர தனியா குறிச்சு வச்சோம். ஒருத்தர் எழுபது வயசு தாண்டின பெரியவர், ரெண்டு காதுலயும் ஹியரிங் எய்ட், மனைவிக்கு ஆசைன்னு கூட வந்தவர். இன்னொருத்தன் பதிமூணு வயசு பையன், ரெக்கார்டர்ங்கற குழல் நல்லா வாசிப்பான். திங்கட்கிழமை ஆள் குறைஞ்சதால அவன பொண்ணுங்க வரிசையில நிக்க வச்சாங்க, டீச்சர் லேடீஸ் லேடீஸ்னு கூப்பிடும்போது மத்த பசங்க சிரிச்சாங்க, அதுக்கப்புறம் அவன் பெஞ்சுலதான் இருந்தான்.

செவ்வாய் ராத்திரி பேச்சு

அன்னிக்கு ராத்திரி டான்ஸ் முடிஞ்சதும் டீச்சர், பேண்ட் லீடர், பியானோ வாசிக்கிறவங்க, நான், கேம்ப் பொறுப்பாளர் எல்லாரும் சாப்பாட்டு ஹால்ல உக்காந்தோம். எல்லாரும் ஒத்துப் போனோம்னு சொல்ல முடியாது. டீச்சர் டான்ஸ இன்னும் எளிசா ஆக்கலாம்னாங்க. பொறுப்பாளர் மெதுவா வாசிச்சா போதாதான்னு கேட்டாரு. பேண்ட் லீடர் ஆங்க்ளோ கான்சர்டினா வாசிக்கிறவர், ரெண்டு கையால இழுத்து தள்ளி வாசிக்கிற சின்ன துருத்தி வாத்தியம் அது, அவர் அத ஒத்துக்கவே இல்ல. நிமிஷத்துக்கு 110 அடி பக்கம்னா அது மனுஷன் இயல்பா நடக்குற வேகம், அதுக்கு கீழ எண்பதுக்கு இறக்கினா ஒவ்வொரு அடியிலயும் ஒத்தக் கால்ல பேலன்ஸ் பண்ணி நிக்கணும், வயசானவங்களுக்கு அதுதான் கஷ்டம், போதாததுக்கு ட்யூனும் செத்துப் போயிடும்னாரு. அவர் சொன்னது சரின்னு எனக்கும் பட்டுச்சு, மறுநாள் காலையில பெரியவங்க சிலர அந்த எண்பது அடி வேகத்துல நடக்கச் சொல்லிப் பார்த்தப்ப கண்ணாலயே தெரிஞ்சுச்சு.

திருப்பம் மதிய வகுப்புலேர்ந்து வந்துச்சு. மியூசிக் வகுப்புல நாங்க நோட்ஸ் குடுக்காம காதால கத்துக்கொடுத்திருந்தோம், ஒரு துண்டு வாசிப்போம், அவங்க திருப்பி வாசிப்பாங்க, அப்புறம் அடுத்த துண்டு. அந்த வகுப்புல இருந்த புதுசுங்க நாலஞ்சு பேரு ராத்திரி டான்ஸ்ல, தாங்க வாசிச்ச ட்யூன் வந்தப்ப மட்டும் தடுமாறல. மத்த ட்யூனுக்கு அதே ஆளுங்க தடுமாறினாங்க. பியானோக்காரங்கதான் இத முதல்ல கவனிச்சு சொன்னாங்க. டான்ஸ் சுலபமா கஷ்டமாங்கறத விட ட்யூன் தெரியுமா தெரியாதாங்கறதுதான் முக்கியம்னு அப்ப பேச்சு அந்தப் பக்கம் திரும்புச்சு.

எடுத்த முடிவுகள், ஏன் எடுத்தோம்

முதல் முடிவு, காலை வகுப்புல எந்த டான்ஸையும் நடந்து பாக்குறதுக்கு முன்னாடி எல்லாரும் தரையில உக்காந்து ட்யூன பாடணும், வார்த்தை இல்லாம லா லான்னு. வாய் விட்டு எண்றது வேண்டாம், டீச்சரும் எண்ண மாட்டாங்க. காரணம் இதுதான்: மியூசிக் இல்லாம நடந்து பாக்கும்போது உடம்பு படத்த மட்டும் கத்துக்குது, நேரத்த கத்துக்கிறதே இல்ல, அப்புறம் பேண்ட் வரும்போது ரெண்டையும் ஒட்ட வைக்க எண்ணிக்கைய பிடிச்சுக்குது. ட்யூன் ஏற்கனவே உள்ள இருந்தா ஒரு வரி முடியுற இடம் தானா தெரியும், அங்க போய் சேந்துருவாங்க.

ரெண்டாவது, ராத்திரி ஆடப்போற டான்ஸ்ல ரெண்டோட ட்யூனையாவது அன்னிக்கு மதியமே மியூசிக் வகுப்புல சொல்லிக்கொடுக்கணும், வாத்தியம் இல்லாதவங்களும் வந்து பாடலாம். இதுக்கு முன்னாடி காலை வகுப்பும் மதிய வகுப்பும் ஒண்ணுக்கு ஒண்ணு சம்பந்தமில்லாம ஓடிட்டு இருந்துச்சு, பெரும்பாலான கேம்ப்ல அப்படித்தான் இருக்கும், டான்ஸ் ஆளுங்க வேற மியூசிக் ஆளுங்க வேறன்னு.

மூணாவது, டான்ஸ் எண்ணிக்கைய பாதியாக்கினோம். ஸைடிங் இந்த வாரம் முழுக்க தோளுக்கு தோள் முறைதான்னு டீச்சர் மைக்ல சொல்லிட்டாங்க, அதுதான் சரிங்கறதால இல்ல, எதிர்ல இருக்குறவரப் பார்த்தே புரிஞ்சுக்கலாம்ங்கறதால. அனுபவசாலிங்கள வரிசையோட ரெண்டு முனையிலயும் நிக்க வச்சோம், தொட்டு திருப்பக் கூடாது, முனைக்கு வர்ற ஜோடி பக்கம் மாறுதான்னு மட்டும் பாத்துக்கணும். லேடீஸ் ஜென்ட்ஸ்ங்கற கூப்பாடு நின்னுச்சு, அதுக்கு பதிலா முதல் கார்னர், ரெண்டாவது கார்னர், மேல் ஜோடி, கீழ் ஜோடின்னு நிக்கிற இடத்த வச்சு கூப்பிடுறது. இப்ப பல இடத்துல இந்த வழக்கம் வந்தாச்சு, டீச்சருக்கு பழக்கமில்ல, இருந்தாலும் அன்னிக்கு ராத்திரியே தன்னோட கார்டெல்லாம் எடுத்து பென்சில்ல மாத்தி எழுதிகிட்டாங்க. முப்பது வருஷ பழக்கத்த ஒரு ராத்திரியில மாத்திக்க சம்மதிச்ச அந்த மனச நான் ரொம்ப மதிக்கிறேன்.

புதன்கிழமை

ஆரம்பிச்சது கேதரிங் பீஸ்காட்ஸ்ங்கற டான்ஸோட. 1651 தொகுப்புல இருக்குறது, நம்ம கும்மி மாதிரி வட்டமா நின்னு ஆடுறது, நடுவுல போய் கை தட்டுற இடமும் உண்டு. எண்ணிப் பழகினவங்களுக்கு இது பொறி வைக்கிற டான்ஸ். முதல் பகுதியில வட்டமா இடது பக்கம் எட்டு ஸ்லிப் ஸ்டெப் (பக்கவாட்டுல சறுக்கி வைக்கிற அடி), அப்புறம் அவங்கவங்க இடத்துல ஒரு சின்ன சுத்து, அதுக்கு நாலே நாலு அடிதான். மொத்தம் பன்னெண்டு. எட்டு எட்டா எண்ணிட்டு வர்றவங்க அந்த சுத்தையும் எட்டுக்கு இழுப்பாங்க, அதுக்குள்ள வட்டம் வலது பக்கம் கிளம்பிடும், ஆளுங்க பாதி முதுகு காட்டிட்டு நிப்பாங்க.

டீச்சர் எல்லாரையும் உக்கார வச்சாங்க. பேண்ட் லீடர் முதல் பகுதிய கான்சர்டினால தனியா வாசிச்சாரு, எல்லாரும் திருப்பி பாடினாங்க, மறுபடி, மறுபடி. அப்புறம் அந்த கடைசி நாலு அடி வர்ற துண்ட மட்டும் தனியா பிரிச்சு வாசிச்சாரு. ஆங்க்ளோ கான்சர்டினால ஒரே பட்டன அழுத்தி துருத்திய இழுத்தா ஒரு சுரம், தள்ளினா இன்னொரு சுரம், அதனால திசை மாறுற இடத்துல இயல்பாவே ஒரு சின்ன துள்ளல் வரும், வரி பிரியுற இடத்துல அத கொஞ்சம் தூக்கிக் காட்டினாரு. நானும் ஃபிடில்ல அந்த இடத்துக்கு முன்னாடி இருக்குற சுரத்த சுருக்கி வில்ல தூக்கினேன். பாடிட்டு இருந்தவங்கள்ல சிலபேரு உக்காந்த இடத்துலயே தலைய சாய்ச்சாங்க. யாரும் சொல்லிக்கொடுக்கல.

அப்புறம் எழுந்து, நடந்து பாக்காமலே, பாடிட்டே ஒரு தடவை ஆடச் சொன்னாங்க. கலைஞ்சுதான் போச்சு, ஆனா எல்லாரும் ஒரே இடத்துல கலைஞ்சாங்க, ஒரே இடத்துல திரும்ப சேந்தாங்க. முந்தின நாள் ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு இடத்துல தொலைஞ்சதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம், ஏன்னா ஒரே இடத்துல தப்பு வந்தா டீச்சர் அந்த ஒரு இடத்த மட்டும் சரி பண்ணா போதும். ரெண்டாவது தடவை பேண்டோட, மூணாவது ரவுண்டுக்கு அப்புறம் டீச்சர் மைக்க கீழ வச்சுட்டாங்க. மொத்தமா அந்த டான்ஸுக்கு எடுத்த நேரம் முந்தின நாள் ஒரு டான்ஸ நடந்து பாக்க மட்டும் எடுத்த நேரத்த விட குறைவு.

எதிர்ப்பும் வந்துச்சு. அனுபவசாலிங்கள்ல ரெண்டு பேரு மதிய சாப்பாட்டப்ப பொறுப்பாளர்கிட்ட, நாங்க லீவு போட்டு காசு கட்டி வந்தது உக்காந்து பாட்டு பாடுறதுக்கு இல்லன்னு சொன்னாங்க. அவங்க பக்கமும் நியாயம் இருக்கு, வருஷத்துல ஒரு வாரம்தான் நல்ல பேண்டோட நல்ல தரையில ஆட முடியும், அத ஆரம்பப் பாடத்துல கழிக்க யாருக்கும் மனசு வராது. அன்னிக்கு அவங்களுக்கு எங்ககிட்ட நல்ல பதில் இல்ல.

ஹியரிங் எய்ட் போட்ட பெரியவர்

இவர் விஷயம் கொஞ்சம் விரிவா எழுதணும், ஏன்னா எந்த கேம்ப்லயும் இவர மாதிரி ஒருத்தர் இருப்பாங்க. செவ்வாய்க்கிழமை இவர் மனைவிகிட்ட நான் ஆட்டத்த கெடுக்குறேன்னு சொல்லிட்டு உக்காந்துட்டாரு. புதன் மதியம் பாடுற வகுப்புக்கு மனைவி கூட்டிட்டு வந்தாங்க. அங்க கான்சர்டினாவுக்கு நேர் எதிர்ல மூணடி தள்ளி உக்காந்தவரு ட்யூன தப்பில்லாம பாடினாரு. விசாரிச்சப்ப சொன்னாரு, பெவிலியன்ல ஸ்பீக்கர்லேர்ந்து வர்ற டீச்சர் குரல் கூரையில மோதி எல்லா பக்கத்துலேர்ந்தும் வருது, பேண்ட் சத்தமும் அதோட கலந்து ஒரே இரைச்சலாதான் கேக்குது, வார்த்தை பிரியல, ஆனா ஒரு வாத்தியம் பக்கத்துல தனியா வாசிச்சா நல்லா கேக்குதுன்னு.

உடனே தோணுற வழி அவர பேண்டுக்கு பக்கத்துல நிக்க வைக்கிறது. இந்த டான்ஸ்ல மேலங்கறதே பேண்ட் இருக்குற பக்கம்தான். ஆனா நீள வரிசையில அது நிக்காது, ஒண்ணாம் நம்பர் ஜோடியா ஆரம்பிச்சா ரவுண்டுக்கு ஒரு இடம் கீழ இறங்கிட்டே போவாரு, நாலஞ்சு ரவுண்டுல பேண்ட விட்டு தூரமா, இரைச்சல் ஜாஸ்தியா இருக்குற நடு ஹாலுக்கு வந்துருவாரு. அதனால அவர் இருக்குறப்ப மூணு ஜோடி மட்டும் நிக்கிற சின்ன செட் டான்ஸா டீச்சர் தேர்ந்தெடுத்தாங்க, அவரோட செட்ட மேடைக்கு ஒட்டி வச்சாங்க. இடம் மாறினாலும் ரெண்டு இடம்தான், பேண்ட விட்டு தூரம் போக மாட்டாரு. பேண்ட் லீடர் நாற்காலிய மேடையிலேர்ந்து தரைக்கு இறக்கி அந்தப் பக்கமா போட்டுகிட்டாரு. டீச்சர் சொல்றது அவருக்கு கேக்கவே வேண்டாம்னு முடிவு பண்ணி, முன்னாடியே மூவ எல்லாம் கையாலயும் முகத்தாலயும் காட்டிட்டு, ஆடும்போது ட்யூன மட்டும் நம்பச் சொன்னாங்க.

புதன் ராத்திரி ரெண்டு டான்ஸ் ஆடினாரு. ஒரு இடத்துல அவரோட பார்ட்னர், நல்லா ஆடுறவங்க, முன்கூட்டியே திரும்பிட்டாங்க, இவரு கைய நீட்டி வச்சுகிட்டு அந்த வரி முடியுற வரைக்கும் அசையாம நின்னுட்டு சரியான இடத்துல திரும்பினாரு. நான் அத பக்கத்துல இருந்து பார்த்தேன், வில்லு ஒரு நொடி தடுமாறுச்சு.

வியாழக்கிழமை

ராத்திரி முழுக்க மழை. பக்கமெல்லாம் தொறந்த பெவிலியன்ல சாரல் அடிச்சு ஓரத்து பலகையெல்லாம் ஈரம், நடுவுலயும் காத்துல இருக்குற ஈரம் படிஞ்சு ஒரு மாதிரி வழவழன்னு இருந்துச்சு. துணி வச்சு துடைச்சாங்க. அப்படியும் வட்ட டான்ஸ்ல ஸ்லிப் ஸ்டெப் போடும்போது ஒரு பெண்மணி, லெதர் சோல் ஷூ போட்டவங்க, வழுக்கி இடுப்போட விழுந்தாங்க. நர்ஸ் வந்து பார்த்தாங்க, எலும்பு பத்தின பயம் இல்லன்னு சொன்னாங்க, ஐஸ் வச்சாங்க, அன்னிக்கும் மறுநாளும் அவங்க ஆடல, பாடுற வகுப்புக்கு மட்டும் வந்தாங்க.

அங்கேயே ஒரு முடிவு எடுத்தோம், ஈரம் போற வரைக்கும் ஸ்லிப் ஸ்டெப் கிடையாது, எல்லாமே நடை. டான்ஸ் சப்புன்னு ஆயிடுமோன்னு டீச்சருக்கு கவலை. அதனால அன்னிக்கு ஹோல் இன் தி வால் எடுத்தாங்க, ஹென்றி பர்செல் 1695ல அப்டெலஸர்ங்கற நாடகத்துக்கு எழுதின இசையிலேர்ந்து வந்த ட்யூன், அடிக்கு அடி நடைதான், ஸ்லிப்பே இல்ல. இது மூணு மூணா நடக்குற தாளம். எதிர் மூலையில இருக்குறவங்க இடம் மாத்திக்க ஆறு அடி இருக்கு, ஆனா நாலு நாலா எண்ணிப் பழகினவங்க நாலுலயே போய் சேந்துட்டு அங்க கைய பிசைஞ்சுட்டு நிப்பாங்க. ட்யூன பாடினவங்க ஆறடிக்கும் நடைய நீட்டி, சின்ன வளைவா எடுத்து, வரி முடியும்போது இடத்துக்கு வந்தாங்க. எல்லாருக்கும் வரல, பாதி பேருக்கு மேல வந்துச்சு.

அந்த பையன் விஷயம் இங்கதான் கொஞ்சம் அசைஞ்சது. அதுக்கு முன்னாடி ஒரு மதிய வகுப்புல இந்த ட்யூன ரெக்கார்டர்ல முதல்ல பிடிச்சவன் அவன்தான். பேண்ட் லீடர் காலையிலயே அவன மேடைக்கு பக்கத்துல நிக்க வச்சு ட்யூன மட்டும் வாசிக்கச் சொன்னாரு. தரையில இருந்த மத்த பசங்க ரெண்டு பேரு ஆடி முடிச்சுட்டு வந்து இந்த இடம் எப்படி போகுதுன்னு அவன்கிட்ட கேட்டாங்க, அவன் வாசிச்சு காட்டினான்.

வெள்ளி ராத்திரி, என்ன மிஞ்சுச்சு

கடைசி ராத்திரி டான்ஸ்ல எட்டு டான்ஸ்தான் வச்சோம், வழக்கமா பதினஞ்சு பக்கம் இருக்கும். கேதரிங் பீஸ்காட்ஸ் டீச்சர் குரலே இல்லாம ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் போச்சு, தரை காஞ்சிருந்ததால ஸ்லிப் ஸ்டெப்போட. பேண்ட் ட்யூனோட கடைசித் துண்ட மட்டும் முன்னோட்டமா வாசிச்சதும் வட்டம் கிளம்பிடுச்சு. ஹோல் இன் தி வால்ல நீள வரிசை ஒரு தடவை முனையில சிக்கிச்சு, அங்க நின்ன அனுபவசாலி கைய வச்சு திருப்பாம சரியான இடத்த விரலால காட்டினாரு, அடுத்த ரவுண்டுக்குள்ள சரியாச்சு. நெத்தியில முட்டிகிட்டவங்க புதன்கிழமையே திரும்ப வந்துட்டாங்க, வெள்ளிக்கிழமை எல்லா டான்ஸும் ஆடினாங்க.

பெரியவர் மூணு ஜோடி செட்ல நாலு டான்ஸ் ஆடினாரு. நீள வரிசைக்கு வரல, வர ஆசையில்லன்னும் சொன்னாரு, அத அப்படியே ஏத்துகிட்டோம். பையன் பேண்ட்ல ரெக்கார்டர் வாசிச்சான், கடைசி வட்ட டான்ஸுக்கு மட்டும் கீழ இறங்கினான். அவன் ஆடறவனா மாறிட்டான்னு யாரும் சொல்ல முடியாது, அவனுக்கு வாசிக்கிறதுதான் பிடிச்சிருக்கு, அதுவும் இந்த மரபோட சம பங்கு.

எல்லாரும் சந்தோஷமா போகல. புகார் சொன்ன ரெண்டு பேர்ல ஒருத்தர் வெள்ளிக்கிழமை காலையிலயே கிளம்பிட்டாரு, அடுத்த வருஷம் வேற கேம்ப் பாக்குறேன்னாரு. இன்னொருத்தர் முனையில நிக்கிற வேலைய எடுத்துகிட்டு கடைசி வரைக்கும் இருந்தாரு, ஆனா தனக்கு ஆட கிடைச்சது போதலன்னு கருத்துத் தாள்ல எழுதிட்டுப் போனாரு. டான்ஸ் எண்ணிக்கைய பாதியாக்கினதுக்கு அவங்க ரெண்டு பேரும் குடுத்த விலை அது, வெற்றின்னு எழுதும்போது இதையும் சேத்துதான் எழுதணும்.

அடுத்த வருஷத்துக்கு மாத்தறது

கேம்ப் முடிஞ்சு ரெண்டு வாரம் கழிச்சு அதே டீம் ஃபோன் கால்ல பேசி எழுதி வச்சது இது.

ட்யூன் பாடுறது முதல் நாள் முதல் வகுப்புலேர்ந்தே இருக்கும், கஷ்டம் வந்த பிறகு மருந்தா குடுக்குறது இல்ல. மூணு டான்ஸோட ட்யூன முன்கூட்டியே ரெக்கார்ட் பண்ணி, கேம்புக்கு பதிவு பண்ணவங்களுக்கு அனுப்புறதா இருக்கோம், ட்யூன் மட்டும், மூவ எழுதின தாள் வேண்டாம்னு டீச்சர் உறுதியா சொல்றாங்க, ஏன்னா தாள் கையில இருந்தா மறுபடி எண்ண ஆரம்பிச்சுருவாங்க. தாள் வேணும்ங்கறவங்களுக்கு கேம்ப் முடிஞ்சு வீட்டுக்கு போகும்போது குடுக்கலாம்.

அனுபவசாலிங்களுக்கு தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் தனி வகுப்பு, கஷ்டமான டான்ஸ், முழு வேகம், அந்த நேரத்துல ஸைடிங் ரெண்டு விதமும் ஆடலாம் விவாதிக்கலாம். ராத்திரி டான்ஸ்லயும் ரெண்டு டான்ஸ் அவங்களுக்குன்னு. அவங்க சந்தோஷமா இருந்தாதான் மீதி நேரம் முனையில பொறுமையா நிப்பாங்கன்னு பொறுப்பாளர் சொன்னாரு, எனக்கும் அதுதான் சரின்னு படுது.

ஷூ பத்தி பதிவு ஃபார்ம்லயே எழுதறோம், ஈரமா இருந்தா ஸ்லிப் ஸ்டெப் இல்லங்கறத டீச்சர் அன்னிக்கு யோசிச்சு முடிவு பண்ணாம தானா அமலாகுற விதியா வச்சிருக்கோம். ஓரத்து பலகைக்கு சாரல் அடிக்காம இருக்க கான்வாஸ் திரை வாங்க பணம் ஒதுக்கியாச்சு. காது கேக்குறது பத்தின கேள்வியும் ஃபார்ம்ல வரும், பேண்ட் லீடர் இனிமே முதல் நாள்லேர்ந்தே தரையிலதான் உக்காருவாரு, மேடை பியானோவுக்கு மட்டும்.

இன்னும் முடிவாகாத ஒண்ணு இருக்கு, டீச்சர் எப்ப மைக்க கீழ வைக்கணும்ங்கறது. மூணு ரவுண்டுக்கு அப்புறம்னு டீச்சர் சொல்றாங்க, முனை ஜோடி ஒரு தடவையாவது உள்ள வந்த பிறகுதான்னு பேண்ட் லீடர் சொல்றாரு, நீளமான வரிசையில அது ரெண்டும் ஒண்ணில்ல. அடுத்த ஆகஸ்ட்ல ரெண்டையும் பண்ணிப் பாக்கப் போறோம்.